ரிப்போர்ட் நார்மல், ஆனால் மேலெல்லாம் நோவு: ஃபைப்ரோமயால்ஜியா என்றால் என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்கச் செக்கிங் மேசை முன்னால் நின்றுவிட்டு வருகிறவருக்குக் காலும் இடுப்பும் வலிப்பதில் புதிர் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்தால் பாதி குறைந்துவிடும். ஆனால் சிலருக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். காலையில் கண் விழிக்கும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். இன்று கழுத்தும் தோள்பட்டையும், நாளை இடுப்பும் தொடையும் என்று வலி இடம் மாறும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. அடுப்பில் பால் வைத்தது மறந்து போகும். யாராவது பாசமாகத் தோளை அழுத்தினால்கூடச் சுள்ளென்று வலிக்கும். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் இதே கதை.

இவர்கள் ஏறாத ஆஸ்பத்திரி இருக்காது. "மேலெல்லாம் நோகுதுங்க டாக்டர்" என்று போய் உட்கார்ந்தால் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஒரு சுற்று நடக்கும். எல்லாம் நார்மல் என்று வரும். ஒரு சத்து ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், பத்து நாள் வலி மாத்திரை. வீட்டுக்கு வந்தால், "அதான் ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன நோவு?" என்று கேட்பார்கள்.

இந்த நிலைக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். உலக அளவில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பெண்களிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது, ஆண்களுக்கும் வரும். வலி தெரிகிற தசையிலும் மூட்டிலும் பெரிய கோளாறு இருக்காது. வலியைக் கடத்துகிற, கூட்டிக் குறைக்கிற நரம்பு மண்டலத்தில்தான் கோளாறு. கடந்த நாற்பது வருஷ ஆராய்ச்சியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். இது பிடிபட்டுவிட்டால் ஏன் ரிப்போர்ட் நார்மலாக வருகிறது, ஏன் வலி மாத்திரை கேட்பதில்லை, மனச்சோர்வே இல்லாதவருக்கும் டாக்டர் ஏன் மனச்சோர்வு மாத்திரை எழுதுகிறார் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

தசையில் தேடிய காலம்

1904இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், நார்த்திசுக்களில் அழற்சி ஏற்படுவதால்தான் இப்படி வலிக்கிறது என்று நினைத்து 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் தசையை வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொல்லும்படியான அழற்சி அகப்படவே இல்லை. 1970களில் அழற்சியைக் குறிக்கும் பெயரைக் கைவிட்டு, 'தசைநார் வலி' என்று மட்டும் பொருள்படும் இன்றைய பெயருக்கு வந்தார்கள்.

1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி ஒரு சோதனை முறையை வகுத்தது. பிடரி, தோள், நெஞ்செலும்புப் பக்கம், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று உடம்பில் 18 இடங்கள். ஒவ்வொன்றையும் டாக்டர் கட்டைவிரலால் சுமார் 4 கிலோ விசையில் அழுத்த வேண்டும். அதாவது அழுத்துகிறவரின் நகம் வெளுக்கும் அளவுக்கு. 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா டாக்டரின் விரலும் ஒரே மாதிரி அழுத்துமா? போன வாரம் 12 இடத்தில் வலித்தவருக்கு இந்த வாரம் 9 இடத்தில் வலித்தால் நோய் போய்விட்டதா?

2010இல் இந்த விரல் கணக்கைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து எங்கெங்கே வலி என்று கேட்கிறார்கள். அசதி, தூக்கம், ஞாபகம் மூன்றும் எந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது என்று மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று மாசத்துக்குக் குறையாமல் இதே நிலை நீடித்திருக்க வேண்டும். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் இங்கே டெஸ்ட். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. எடுக்கிற பரிசோதனைகள் தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம் போன்றவை உள்ளே ஒளிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. முடக்குவாதம் உள்ளவருக்கே ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து வரலாம் என்பது இதில் ஒரு சிக்கல்.

வலி எங்கே கூடுகிறது?

காலில் முள் குத்தினால் அங்கிருக்கும் நரம்பு சேதியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து இன்னொரு நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. இது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் உண்டு. அவை செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களைத் தண்டுவடத்தில் விட்டு, மேலே வரும் வலிச் சேதியைக் குறைக்கின்றன.

கீழ்பவானி வாய்க்காலில் மதகு இருக்கிறது அல்லவா, அதைப் போலத் தண்டுவடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்களோ அவ்வளவுதான் வயலுக்குப் பாயும். ஃபைப்ரோமயால்ஜியாவில் ஷட்டர் சரியாக இறங்குவதில்லை. உட்கார்ந்த இடத்தின் அழுத்தம், இறுக்கமான ரவிக்கை, பஸ்ஸில் தோளோடு தோள் உரசுவது என்று தினமும் உடம்பில் ஓடும் சாதாரணச் சேதிகள்கூடத் தடையில்லாமல் மேலே போய் வலியாகப் பாய்கின்றன.

இதெல்லாம் வெறும் ஊகமில்லை. ஆளை உட்கார வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நல்ல உடம்புள்ளவரின் ஒரு கையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு வேறோர் இடத்தில் வலி கொடுத்தால், அந்த இரண்டாவது வலி குறைவாகவே தெரியும். மேலிருந்து ஷட்டர் இறங்குகிறது என்று அர்த்தம். ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பலரிடம் இந்தக் குறைவு சரியாக நடப்பதில்லை. அதேபோல் ஒரே இடத்தில் லேசான சூட்டை விட்டுவிட்டுக் கொடுத்தால் எல்லோருக்குமே வலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இவர்களுக்கு அது அதிகமாக ஏறுகிறது, நிறுத்திய பிறகும் இறங்க நேரமாகிறது. முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரை ஆராய்ந்தபோது, வலியைக் கடத்த உதவும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது.

இந்த நோய் பற்றிய பேச்சையே திருப்பிப் போட்ட ஆய்வு என்று நான் நினைப்பது 2002இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி குழு செய்தது. நோயாளிகள் 16 பேர், நோயில்லாதவர்கள் 16 பேர். ஒவ்வொருவரையும் எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, இடது கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சின்னக் கருவியால் அழுத்தினார்கள். நோயாளிகளுக்கு நன்றாக வலிக்கும் அளவு அழுத்தத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தால், அவர்களுக்கு லேசாக அழுத்துவது போலத்தான் இருந்தது. மூளையில் வலி சம்பந்தப்பட்ட பகுதிகளும் அவ்வளவாகக் கிளம்பவில்லை. மற்றவர்களுக்கும் அதே அளவு வலி வரவேண்டும் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. அப்போது அவர்கள் மூளையிலும் பெரும்பாலும் அதே பகுதிகள் கிளம்பின. அதாவது நோயாளி "வலிக்குதுங்க" என்று சொல்வதும் மூளை காட்டுவதும் ஒத்துப்போகின்றன. மிகைப்படுத்துகிறார், நடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூட வேண்டியதாயிற்று. எல்லோரும் மூடவில்லை என்பது வேறு விஷயம்.

தூக்கம் இங்கே காரணமா, விளைவா?

வலி இருந்தால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1975இல் கனடாவில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். தூக்கத்தைக் கெடுத்தால் வலி வருமா? ஆரோக்கியமான மாணவர்களைத் தூங்க வைத்து, அவர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒலி எழுப்பிக் கலைத்தார். முழுதாக எழுப்பிவிடவில்லை, ஆழத்துக்கு மட்டும் விடவில்லை. சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்பு வலி, அசதி, அழுத்தினால் நோவு எல்லாம் வந்தன. நிம்மதியாகத் தூங்கவிட்டதும் சரியாகிவிட்டன.

ஆக, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம். ஷிப்ட் வேலை செய்தால் இந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கிறவருக்குத் தூக்கம் முறை தவறுவது நல்லதில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே மூளையில்தானா?

இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

2013இல் பாஸ்டனில் ஆன் லூயிஸ் ஓக்லாண்டர் குழு, நோயாளிகளின் காலிலிருந்து மிளகு அளவு தோலை எடுத்து அதிலுள்ள மெல்லிய நரம்பு நுனிகளை எண்ணியது. நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கு நுனிகள் குறைந்திருந்தன. மற்றவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். அதே சமயத்தில் ஜெர்மனியில் நூர்ஜான் உச்சேய்லர் குழுவும் இதைப் போன்ற சேதத்தையே கண்டது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதம் எரிகிறதே, அப்போது பாதிக்கப்படும் நரம்புகளின் வகைதான் இவையும். அப்படியானால் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு தோலில் இருக்கும் நரம்பிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

2021இல் வந்தது இன்னும் பெரிய ஆச்சரியம். லண்டன் கிங்ஸ் கல்லூரி, லிவர்பூல் பல்கலைக்கழகம், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் மூன்றும் சேர்ந்து, நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதங்களை மட்டும் பிரித்து எலிகளுக்குச் செலுத்தின. அந்த எலிகளுக்கு அழுத்தமும் குளிரும் சட்டென்று உறைத்தன. பிடிமானம் தளர்ந்தது, நடமாட்டம் குறைந்தது, தோலில் நரம்பு நுனிகளும் குறைந்தன. நல்ல உடம்புள்ளவர்களின் ஐஜிஜியைச் செலுத்திய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்களில் அந்தப் புரதம் உடம்பைவிட்டு நீங்கியதும் முதல் கூட்ட எலிகளும் தேறிவிட்டன. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில், நரம்பணுக்களைச் சுற்றியிருக்கும் துணை அணுக்களில் அந்தப் புரதங்கள் போய் ஒட்டியிருந்தன. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்பைத் தொந்தரவு செய்யும் வகையிலும் இது வரலாம் என்பதற்கு இது வலுவான தடயம். ஆனால் எலிக்கு நடந்ததை வைத்து மனிதருக்கு ஊசி போட முடியாது. அந்தப் புரதத்தைக் குறைத்தால் நோயாளிக்குக் குணமாகுமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் ஆகவேண்டும்.

குடல் பாக்டீரியாக் கூட்டம் நோயாளிகளிடம் வேறுபடுகிறது என்று 2019இல் கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. குடும்பத்திலும் இது ஓடுகிறது. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றக் குடும்பங்களைவிடச் சுமார் எட்டு மடங்கு என்று 2004இல் ஒரு கணக்கு வந்தது. அதற்காக இதைப் பரம்பரை நோய் என்று சொல்லி ஜாதகம் பார்க்கிற மாதிரி பயப்பட வேண்டாம். வரும் தன்மை சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கலாம். விபத்து, ஆபரேஷன், கடும் காய்ச்சல், நீண்டநாள் மன அழுத்தம் ஏதாவது ஒன்று அதைக் கிளப்பிவிடலாம். 2006இல் தமிழ்நாட்டையே படுக்கப் போட்ட சிக்குன்குனியா போன்ற வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு இப்படிப்பட்ட வலி நீடிப்பதுண்டு. ஆனால் சிக்குன்குனியா மூட்டில் நிஜமான அழற்சியையும் உண்டாக்கும், அதனால் மூட்டு வீங்கியிருந்தால் கதை வேறு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, ஃபைப்ரோமயால்ஜியா ஒரே நோயாக இருக்காது, வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வந்து ஒரே மாதிரி வலிக்கும் மூன்று நான்கு நோய்களாக இருக்கலாம் என்பதுதான். அப்படியிருந்தால் ஒரே மருந்து சிலருக்கு நன்றாகக் கேட்பதும் பலருக்குக் கேட்காமல் போவதும் இயல்புதானே.

மருந்துகள்

புரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் அழற்சியைக் குறைப்பவை. இங்கே அழற்சி இல்லாததால் அவற்றுக்கு வேலையும் இல்லை. ஸ்டீராய்டும் அப்படியே. வருஷக்கணக்கில் விழுங்கினால் வயிறும் கிட்னியும்தான் பழுதாகும். மார்ஃபின் வகை வலுவான மருந்துகளும் கைகொடுப்பதில்லை. அந்த மருந்து போய் உட்கார வேண்டிய இடங்கள் இவர்கள் மூளையில் காலியாகக் கிடைப்பது குறைவு என்று 2007இல் மிச்சிகனில் ஸ்கேன் மூலம் காட்டியிருக்கிறார்கள்.

ஷட்டரை இறக்க உதவும் மருந்துகள்தான் இங்கே பொருத்தம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கென்று 2007இல் பிரிகாபலினையும், 2008இல் டுலோக்ஸெட்டினையும், 2009இல் மில்னாசிப்ரானையும் அனுமதித்தது. பிரிகாபலின் நரம்பு முனையிலிருந்து வலி கடத்தும் ரசாயனம் கசிவதைக் குறைக்கிறது. மற்ற இரண்டும் செரட்டோனினும் நார்அட்ரினலினும் சீக்கிரம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கின்றன. டுலோக்ஸெட்டின் மனச்சோர்வுக்கும் தருகிற மாத்திரைதான். "எனக்கென்ன பைத்தியமா?" என்று நோயாளி கோபப்படும் இடமும் இதுதான். மேலிருந்து இறங்கும் நரம்பு பயன்படுத்தும் ரசாயனமும் மனநிலைக்கான ரசாயனமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அமிட்ரிப்டிலின் இவற்றுக்கெல்லாம் மூத்தது, விலையும் குறைவு. இரவில் 10 மில்லிகிராம் போலக் குறைந்த அளவில் கொடுத்தால் சிலருக்குத் தூக்கமும் வலியும் ஓரளவு சீராகும்.

எதிர்பார்ப்பை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வது நல்லது. பிரிகாபலினைப் பத்துப் பேருக்குக் கொடுத்தால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையால் தேறுகிறவர்களைவிடக் கூடுதலாக ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைகிறது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், எடை கூடுவது எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்குவதும், ஒரு வாரத்தில் பலனில்லை என்று சட்டென்று நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து.

இணையத்தில், போதைப் பழக்கத்தை விடத் தருகிற நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் குறைந்த அளவில் சாப்பிட்டால் அற்புதம் என்று பேசிக்கொள்கிறார்கள். 2024இல் டென்மார்க்கில் 99 பெண்களிடம் 12 வாரம் முறையாகச் சோதித்தபோது, வலியைக் குறைப்பதில் வெறும் மாத்திரையைவிடத் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. மஞ்சள் சந்தையைக் கையில் வைத்திருக்கும் ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மஞ்சளுக்கும் இந்த நோயில் நம்பும்படியான ஆதாரம் இல்லை. ரசத்தில் தாராளமாகப் போடுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் புதிதாக ஒரு மருந்து அனுமதி பெற்றது. சைக்ளோபென்ஸாப்ரின் என்ற பழைய தசைத்தளர்வு மருந்தையே படுக்கப்போகும்போது நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாக மாற்றியிருக்கிறார்கள். தூக்கத்தைச் சரிசெய்து அதன் வழியாக வலியைக் குறைப்பது நோக்கம். மோல்டாஃப்ஸ்கி கேட்ட கேள்வி ஐம்பது வருஷம் கழித்து மாத்திரையாகியிருக்கிறது.

அசைந்தால் வலிக்கிறது, அசையாவிட்டால் இன்னும் வலிக்கும்

ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2016இல் எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டபோது, 'கட்டாயம் செய்யலாம்' என்று அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. மருந்துக்கெல்லாம் அரைமனதுப் பரிந்துரைதான். 2018இல் அமெரிக்காவில் 226 பேரிடம் நடந்த ஆய்வில், தாய் சி என்ற சீன மெதுவசைவுப் பயிற்சி சாதாரண ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் கொடுத்தது. அசையும்போது மூளையின் வலிகுறைக்கும் நரம்புகள் வேலை செய்யப் பழகுகின்றன, தூக்கமும் ஆழமாகிறது.

படுத்தே கிடக்கும் ஆளிடம் போய் "தினமும் ஒரு மணி நேரம் நட" என்றால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார், அவர் மேல் தப்பில்லை. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது 'நல்ல நாள்' பொறியில். மாரியம்மன் நோம்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் வலி கொஞ்சம் குறைந்திருக்கும். விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று ஒட்டடை அடித்து, போர்வையெல்லாம் ஊறவைத்துத் துவைத்து, மாவாட்டி, மேலே இருக்கும் பாத்திரங்களை இறக்கிக் கழுவி வைப்பார்கள். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. அப்புறம் பயந்துபோய் ஒரு வாரம் எதையும் தொடமாட்டார்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் நோயை இன்னும் முற்றவைக்கிறது.

ஒட்டடை ஒரு நாள், போர்வை ஒரு நாள், பாத்திரம் இன்னொரு நாள், வலி குறைந்த நாளிலும் அதே அளவு என்று பிரித்துக்கொள்வதுதான் வழி. நடப்பதும் அப்படியே. வலி கூடாமல் ஐந்து நிமிஷம் நடக்க முடிந்தால் ஐந்து நிமிஷத்திலேயே தொடங்கலாம். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையோ, ஊர் வாய்க்கால் மேடோ, வீட்டு மொட்டைமாடியோ, எதுவானாலும் சரி. ஒன்றிரண்டு வாரம் அதையே செய்துவிட்டு ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் கூட்டலாம். தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதனால் தசைக்குச் சேதம் வந்துவிடாது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் பயம் குறையும். வெந்நீர்க் குளியல், ஒத்தடம் எல்லாம் இதமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொண்டு படுத்துவிட்டால் பலனில்லை.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வீச ஆரம்பித்தால் வலி கூடுகிறது என்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பலர் சொல்வார்கள். நெதர்லாந்தில் 333 பெண்களிடம் தினப்படி வலியையும் வானிலையையும் ஒப்பிட்டு 2013இல் வந்த ஆய்வில் பெரிய தொடர்பு தெரியவில்லை. சிலருக்குச் சிறிய அளவில் இருக்கலாம். அதற்காக ஆடி மாசம் முழுக்கக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடையை நிறுத்திவிட வேண்டாம்.

இந்தப் பெயர் ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு வரும் எல்லாத் தொந்தரவையும் இதன் தலையிலேயே கட்டிவிடும் பழக்கம் நோயாளிகளுக்கும் இருக்கிறது, டாக்டர்களுக்கும் இருக்கிறது. மூட்டு வெளியே தெரியும்படி வீங்குவது, காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாவது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, ஒரு கையோ காலோ பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரெனப் புதிதாகத் தோளும் இடுப்பும் இறுகிப்போவது ஆகியவை ஃபைப்ரோமயால்ஜியாவின் குணங்கள் அல்ல. இவற்றில் ஒன்று வந்தாலும் பழைய ஃபைலைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி வராமல், வாதநோய் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ புதிதாகக் காட்டுங்கள்.